வேப்பமரத்துச் செய்திகள்

நோயாளியைக் காண வருவோர் கேட்கும் கேள்விகளைக் கூர்ந்து கவனித்தால் ஒன்று விளங்கும். இரவு உறக்கம் வந்ததா, உணவு இறங்கியதா, மருத்துவர் என்ன சொன்னார், சர்க்கரை எவ்வளவு என்று அனைத்தும் கேள்விகளாகவே இருக்கும். அனைத்தும் உடலைப் பற்றியவையாகவே இருக்கும். அன்பினால் கேட்கப்படுபவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு நாளில் இருபது முறை இவற்றுக்கு விடை கூறும் ஒருவர், சில வாரங்களில் தம்மைப் பற்றிய அறிக்கையாகவே மாறிவிடுகிறார். அவரிடம் செய்தி கேட்போர் பலர். அவருக்குச் செய்தி கொண்டுவருவோர் சிலர். அவரே பிறருக்கு ஒரு செய்தியைச் சொல்லும் வாய்ப்போ அதனினும் அரிது.

இக்குறைக்கு நான் கண்ட எளிய வழி பறவைகளைப் பார்ப்பது. இதனைச் சிகிச்சை என்று யாரும் எண்ணிவிட வேண்டா. அவ்வாறு சொல்வோர்மீது எனக்குச் சினமே உண்டு, அதற்குப் பின்னர் வருகிறேன். படுத்திருப்பவருக்கும் உடனிருப்பவருக்கும் இடையே நோயல்லாத ஒரு பேச்சுப்பொருள் வேண்டும். அது நாள்தோறும் புதிதாகக் கிடைக்க வேண்டும். செலவு வைக்கக் கூடாது. தொலைக்காட்சி இருக்கிறதே எனலாம். அதை இருவரும் ஒருங்கே பார்த்துவிடுகிறோம். ஒருவர் மற்றவருக்குச் சொல்ல அதில் எஞ்சுவது யாதுமில்லை.

என் கணவருக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் நடைபெறுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, பறவையியல் கற்றவளல்லள். அவர் உள்ளே இருக்கும் நான்கு மணி நேரத்தை முதலில் செபம் போலவும், பின்னர்க் கைப்பேசியிலும், பின்னர் வெறுமனேயும் கழித்துப் பார்த்தேன். ஒரு நாள் மருந்தகத்தின் பின்புறமுள்ள வேம்பின்கீழ் அமர்ந்தேன். அன்று தொடங்கிய குறிப்பேடு இது மூன்றாவது. நம் வளாகத்துக்குள் மட்டும் இதுவரை முப்பத்து நான்கு வகைப் பறவைகளை எழுதியிருக்கிறேன்.

அவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் இருக்கையிலிருந்து சன்னலின் மேற்பாதி மட்டுமே தெரியும். ஃபிஸ்டுலா உள்ள கையை அசைக்க இயலாது. ஆகவே பைனாகுலர் பிடிக்கவும் வழியில்லை. எனவே வானம் அவர் பங்கு, மரங்கள் என் பங்கு என்று பிரித்துக்கொண்டோம். வீடு திரும்பும் ஆட்டோவில் முன்பெல்லாம் எடை எத்தனை கிலோ குறைந்தது, இரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்பவையே பேச்சு. இப்போது அவர், "இன்று செம்பருந்து ஒன்று வந்தது; இரண்டு காக்கைகள் துரத்திக்கொண்டே போயின" என்பார். நான் என் பட்டியலைச் சொல்வேன். டயாலிசிஸ் முடிந்த சோர்வில் அவர் ஒன்றும் பேசாத நாள்களும் உண்டு. நீயும் பேசாதே என்று கையசைக்கும் நாள்களும் உண்டு. அவற்றை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பேசும் நாள்களில் அவர் எனக்குச் சொல்கிறார்; நான் கேட்கிறேன். இந்த வரிசைமாற்றம் எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிது என்பதை நெடுநாள் நோயாளியோடு வாழ்வோர் அறிவர்.

பறவையைச் செய்தியோடு இணைப்பது தமிழர்க்குப் புதிதன்று. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சத்திமுற்றத்தைச் சேர்ந்த புலவர் ஒருவர், மதுரையில் குளிருக்குப் போதிய ஆடையுமின்றி வாடிக் கிடந்தபோது, வானில் சென்ற நாரையை அழைத்து, ஊரிலுள்ள தம் மனைவியிடம் தம் நிலையைச் சொல்லுமாறு வேண்டிப் பாடினார். வகுப்பில் இப்பாடலைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். காத்திருப்போர் கூடத்தில் அமர்ந்த பிறகே ஒன்று புலப்பட்டது: அத்தனைத் துன்பத்திலும் அம்மனிதர் அந்நாரையின் அலகை நன்றாகப் பார்த்திருக்கிறார். அதற்கு ஓர் உவமை தேடி, பனங்கிழங்கில் அதைக் கண்டிருக்கிறார். துன்பம் குறைந்ததாக அவர் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவே.

வானத்தில் என்ன இருக்கும் என்று கேட்போருக்காகச் சிறிது சொல்கிறேன். நண்பகலில் வெப்பக்காற்றைப் பற்றி வட்டமிடுவன பெரும்பாலும் கரும்பருந்துகள். வால் நுனி நடுவில் சற்றே பிளந்திருக்கும். தலையும் மார்பும் வெண்மையாய், மற்ற உடல் செங்காவியாய் இருப்பின் அது செம்பருந்து. நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது அதனையே. சிறு வில்லைப் போல வளைந்த சிறகோடு ஓயாது பறப்பன பனை உழவாரன்கள். அவற்றின் கால்கள் கம்பியிலோ கிளையிலோ நிமிர்ந்து அமர ஏற்றவையல்ல. பனையோலையின் அடிப்புறத்தில் எச்சிலால் ஒட்டிய சிறு கூட்டில் வாழ்கின்றன. மாலைச் சுற்றில் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு இன்னொரு பேறு உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் நம் வளாகத்திலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட நீர்நிலை அது. பொழுது சாயும் வேளையில் கொக்குகளும் நீர்க்காகங்களும் வரிசையாய்ச் செல்வதைப் படுக்கையிலிருந்தே எண்ணலாம். ஒரு மாலையில் நாற்பத்தொன்று எண்ணியதாக என் கணவர் சொன்னார். பக்கத்துப் படுக்கைக்காரர் நாற்பத்து மூன்று என்றாராம். இருவரும் இன்றுவரை உடன்படவில்லை.

மரங்களின் கணக்கு நீளமானது. வெயிலேறிய பின் மருந்தகத்தின் பக்கம் "டொக், டொக்" என்று ஒரே சீராக எழும் ஒலியை ஏதோ மோட்டாரின் பழுது என்று எண்ணுவோர் பலர். அது செம்மார்புக் குக்குறுவான். செம்புக் குடத்தைத் தட்டும் கன்னானின் நினைவால் இதனைக் கன்னான் குருவி என்றும் அழைப்பதுண்டு. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய உடல். நெற்றியிலும் மார்பிலும் செந்நிறம். பட்டுப்போன கிளையில் தானே துளையிட்டுக் குடியிருக்கும். ஒலி எங்கோ தொலைவில் இருப்பது போலத் தோன்றும். பறவையோ தலைக்கு நேர்மேலே இருக்கும். இதனைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு நாள் ஆயிற்று. அந்த ஏழு நாளும் காத்திருக்கும் நேரம் போதவில்லை.

தூங்குமூஞ்சி மரத்துக் காக்கைக் கூட்டில் சென்ற கோடையில் குயில் முட்டையிட்டது. குயிலில் ஆண் கருநிறம். பெண் தவிட்டு நிறத்தில் வெண்புள்ளிகள் கொண்டது. இவை இருவேறு பறவைகள் என்றே பலரும் நினைக்கின்றனர். பாடுவது ஆண், பெண் விரைந்து கத்தும். காக்கை அந்தக் குயிற்குஞ்சுக்கு வாய் கொள்ளாமல் ஊட்டியதை நான்கு வாரம் ஒரு சிறு கூட்டமே நின்று பார்த்தது. "ஏமாளிக் காக்கா" என்று ஒருவர் சிரித்தார். துப்புரவுப் பணியிலிருக்கும் அம்மா ஒருவர் துடைப்பத்தை ஊன்றி நின்று, "பெத்தாத்தான் புள்ளையா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். கூட்டத்திலிருந்த நாங்கள் அனைவரும் யாரோ ஒருவருக்கு ஊட்டிவிட்டு வந்தவர்களே.

பெயர்களைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. நீளமான பிளவுபட்ட வாலுடன் மின்கம்பியில் அமர்ந்திருக்கும் கரும்பறவையைக் காட்டி, இதன் பெயர் யாதென்று காத்திருப்போர் கூடத்தில் கேட்டுப் பாருங்கள். கரிச்சான், கரிக்குருவி, இரட்டைவாலி, கருவாட்டுவாலி, வலியன் என்று ஊருக்கொரு பெயர் வரும். பெயரைத் தொடர்ந்து ஊர் வரும். ஊரைத் தொடர்ந்து வயல் வரும். பக்கத்தில் மூன்று மாதமாக அமர்ந்திருந்தும் நோயின் பெயரை மட்டுமே அறிந்திருந்த ஒருவரின் ஊரை நான் அறிந்தது இப்பறவையால்தான். நூல் வேண்டுவோர் ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு' என்ற க்ரியா வெளியீட்டைத் தேடலாம். ஆனால் நூலிலுள்ள பெயரே சரி, பாட்டி சொன்ன பெயர் தவறு என்று மட்டும் யாரும் திருத்த வேண்டா. ஆசிரியையான நானே சொல்கிறேன்.

இனி ஆந்தை. இதைப் பற்றி அழுத்தமாகவே எழுத விரும்புகிறேன். அதே தூங்குமூஞ்சி மரத்தின் பொந்தில் புள்ளி ஆந்தை இணை ஒன்று வாழ்கிறது. அந்தி மயங்கியதும் இரண்டும் வெளிவந்து கிளையில் ஒட்டி அமர்ந்து கீச்சிட்டுச் சண்டையிடுவது போல ஒலி எழுப்பும். சென்ற ஆண்டு ஓர் இரவில், உள்ளே தந்தையார் கவலைக்கிடமாக இருந்த குடும்பத்தினர், சாவை அழைக்கிறது என்று அஞ்சி அம்மரத்தின்மீது கல்லெறிந்தனர். அவர்களை நான் இகழமாட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே அதிகாலை மூன்று மணிக்கு அமர்ந்திருப்பவரின் அச்சத்துக்குத் தருக்கம் கிடையாது. ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அந்த ஆந்தை எல்லா இரவும் கூவுகிறது. நாம் விழித்திருந்து கேட்பது அன்றைய இரவில்தான். மற்ற இரவுகளில் அது கூவியபோது உள்ளே குழந்தைகள் பிறந்திருக்கின்றன. பலர் உடல் தேறி வீடு சென்றிருக்கின்றனர். அது கூவுவது தன் துணைக்கு. பிடிப்பது வண்டையும் சுண்டெலியையும். வெண்ணிற முகமுடைய கூகை இன்னும் பெரியது; எலிகளே அதன் முதன்மை இரை. உணவுக்கூடமும் குப்பைத்தொட்டியும் உள்ள எந்த வளாகத்துக்கும் அது சம்பளம் வாங்காத ஊழியர். வார்டில் யாரேனும் ஆந்தைக் குரலுக்கு அஞ்சினால், காலையில் அவரை அழைத்துச் சென்று அந்தப் பொந்தைக் காட்டுங்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பறவை, மஞ்சள் விழிகளை உருட்டித் தலையை மேலும் கீழும் ஆட்டி நம்மைப் பார்ப்பதைக் கண்டவர் பின்னர் அஞ்சியதை நான் பார்த்ததில்லை.

சிகிச்சை என்று சொல்வோர்மீது சினம் என்றேன். அதன் காரணம் இது. இயற்கையைப் பார்த்தால் நோய் தீரும் என்று கூறும் கைப்பேசிச் செய்திகள் நாள்தோறும் வருகின்றன. உண்மையில் ஆராயப்பட்டவை அடக்கமானவை. ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளை 23 இணைகளாக்கி ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். வலுவான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. வேறுபாடு ஏறத்தாழ முக்கால் நாள். இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பறவைகளைக் கண்ட அல்லது கேட்ட ஏறக்குறைய 1,300 பேரின் மனநிலை மேம்பட்டிருந்தது. அம்மேம்பாடு எட்டு மணி நேரம் வரை நீடித்தது. மனச்சோர்வு நோய் உடையோரிடமும் அது காணப்பட்டது. எட்டு மணி நேரம் என்பது சிறிதன்று. ஒரு டயாலிசிஸும் ஓர் இரவின் முற்பகுதியும் அதில் அடங்கும். ஆனால் இதில் எங்கும் சிறுநீரகம் மீண்டும் இயங்கியதாகச் சொல்லப்படவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு மரத்தடியில் அமர் என்று சொல்பவர் நண்பரல்லர்.

ஃபீபி ஸ்னெட்சிங்கர் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கதையும் இவ்வாறே அரைகுறையாகச் சொல்லப்படுகிறது. 1981-இல் அவருக்கு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் முற்றியிருப்பதாகவும், ஓராண்டுகூடத் தாங்காது என்றும் மருத்துவர்கள் கூறினர். அவர் பறவைகளைத் தேடி அலாஸ்காவுக்குப் புறப்பட்டார். பிறகு உலகெங்கும் அலைந்தார். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பறவையினங்களைக் கண்ட முதல் மனிதர் அவரே. 1999-இல் மடகாஸ்கரில் அவர் உயிரைக் கொண்டது புற்றுநோயன்று, வாகன விபத்து. கேட்போர் வியப்பது இதுவரை. இந்த அலைச்சலில் அவர் தம் தாயின் இறுதிச்சடங்குக்கும் மகளின் திருமணத்துக்கும் செல்லவில்லை என்பதைச் சொல்வோர் குறைவு. அவர் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் நம்மைப் போன்றோர்க்கு அவர் முன்மாதிரியாக மாட்டார். உடனிருப்பவர் ஊர் ஊராகப் பறவை தேடிச் செல்ல இயலாது, செல்லவும் கூடாது. வேப்பமரத்தைத் தாண்டாத பறவை பார்த்தலைப் பற்றியே நான் பேசுகிறேன்.

அடுத்துச் சிலர் மனத்தைப் புண்படுத்தக் கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தயவுசெய்து வார்டுச் சன்னல்களில் மாடப்புறாக்களுக்குத் தானியம் இடாதீர்கள். புண்ணியம் கருதியும், உள்ளே இருப்பவர் நலம் பெற வேண்டியும் இடுகிறார்கள் என்பதை அறிவேன். ஒரு கைப்பிடி அரிசியை இறைக்கும் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தவர் எவரும் தடுக்கத் தயங்குவர். ஆயினும் புறா அங்கே கூடினால் எச்சம் சேரும். எச்சம் உலர்ந்து தூளானால் காற்றில் கலக்கும். அத்தூளில் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை வளரக் கூடும்; நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரின் நுரையீரலையும் மூளையுறையையும் அது தாக்கும். புறா இறகின் துகளையும் எச்சத் தூளையும் நெடுநாள் சுவாசிப்போர்க்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி ஏற்படுவதும் மருத்துவர் நன்கறிந்ததே. உறுப்பு மாற்றம் செய்துகொண்டவரும் கீமோதெரபி பெறுபவரும் அதே சன்னலின் உட்புறத்தில்தான் படுத்திருக்கின்றனர். பாறை விளிம்புகளில் கூடு கட்டிய இனத்தின் வழிவந்தவை மாடப்புறாக்கள். நம் கட்டடத்தின் ஒவ்வொரு சன்னல் விளிம்பும் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறமும் அவற்றுக்குப் பாறைதான். தானியத்தை நிறுத்துவதும் விளிம்புகளில் வலை கட்டுவதும் கொடுமையல்ல. கொடை அளிக்க விரும்புவோர்க்கு வார்டுக்குள்ளேயே உணவுக்குக் காசில்லாத உடனிருப்போர் இருக்கின்றனர்.

இதைச் சொன்னவுடன் சிலர், பறவையே நோய்க்குக் காரணம், ஆகவே வாகன நிறுத்தத்து மரங்களையும் வெட்டலாம் என்று தாவுகின்றனர். வண்டிகளின்மீது எச்சம் விழுகிறது என்பதே அவர்களின் உண்மையான குறை. இரண்டையும் குழப்பக் கூடாது. திறந்த வெளியில் மரத்தின் அடியில் மழையும் வெயிலும் படும் எச்சம் வேறு. மூடிய விளிம்பில் மாதக்கணக்கில் குவிந்து உலர்ந்து, சன்னல் வழியே உள்ளே வரும் தூள் வேறு. மரத்தை வெட்டினால் குக்குறுவானும் ஆந்தையும் போகும். புறா போகாது, அதற்கு மரமே தேவையில்லை. வண்டிக்கு ஓர் உறை வாங்கினால் போதும். தூங்குமூஞ்சியின் நிழலில் இரவெல்லாம் பாய் விரித்துப் படுத்திருப்போரை அதற்குள் கணக்கெடுத்துக்கொள்ளட்டும்.

கண்ணாடியைப் பற்றியும் ஒரு சொல். அக்டோபரில் ஆறுமணிக்குருவி வட நாட்டிலிருந்து தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வலசை வருகிறது. பச்சை, நீலம், சிவப்பு, பொன்மஞ்சள் என்று ஒரே உடலில் அத்தனை நிறம் கொண்ட பறவை இது. தோட்டக்கள்ளன் என்றும் பெயர். இரவில் பறந்து களைத்து வரும் இது நகரத்து விளக்கிலும் கண்ணாடியிலும் குழம்பி மோதி விழுவதுண்டு. சென்ற அக்டோபரில் நம் புறநோயாளர் பிரிவின் கண்ணாடிச் சுவரின்கீழ் ஒன்று கிடந்தது. இரவுக் காவலர் அதைத் துணியால் எடுத்து, மருந்து வந்த அட்டைப் பெட்டியில் துளையிட்டு வைத்து மூடினார். தண்ணீர் புகட்டவில்லை, யாரையும் தொட விடவில்லை. இருளும் அமைதியுமே அதற்கு வேண்டியவை. ஒரு மணி நேரம் கழித்துச் செடிகளின் அருகில் பெட்டியைத் திறந்தார். அது தாவித் தாவிப் புதருக்குள் சென்றது. அவர் செய்தது முழுவதும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: நோயாளிகளும், எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்து உண்போரும் எப்பறவையையும் கையால் எடுக்க வேண்டா, இறந்து கிடப்பதை யாருமே தொட வேண்டா, காவலரிடம் சொல்லுங்கள்.

வீடு சென்ற பின்னும் தொடர விரும்புவோர்க்குச் சில. குறிப்பேடு ஒன்று போதும். நாள், நேரம், இடம், பறவை என்ன செய்தது என்பவற்றை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் கோடு இட்டு விடுங்கள். செய்ததை எழுதாமல் விடாதீர்கள், சொல்வதற்கு உரியது அதுவே. வரையத் தெரிந்தவர் வரையலாம். பைனாகுலர் வாங்க நினைப்போர் எண்களைப் பாருங்கள்: 8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். மருந்தினால் கை நடுங்குவோர்க்குப் பத்தைவிட எட்டு நன்று. மெர்லின் என்ற இலவசச் செயலி பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும்; கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் உருவாக்கியது. முதலில் செவியால் கேட்டுவிட்டுப் பின்னர் அதனைத் திறக்குமாறு சொல்வேன்.

கோடையில் மண்சட்டியில் நீர் வைப்பது நல்ல பழக்கம். நாள்தோறும் கொட்டிக் கழுவி நிரப்புங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நீரில் முட்டையிலிருந்து கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். வீட்டில் நோயாளி இருக்கையில் இதில் சோம்பல் ஆகாது.

படுத்திருக்கும் குழந்தையோ முதியவரோ கிளி வேண்டும் என்று கேட்டால் மறுப்பது கடினம். ஆயினும் நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடைகளில் லவ் பேர்ட்ஸ் விற்கிறார்கள். எனினும் கிளியினப் பறவைகளிடமிருந்து சிட்டகோசிஸ் என்ற நுரையீரல் தொற்று வரக்கூடும் என்பதால், நுரையீரல் நோயோ எதிர்ப்பாற்றல் குறைவோ உள்ள வீட்டில் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டா. சன்னலருகே ஒரு முருங்கை இருந்தால் அதன் பூவுக்குத் தேன்சிட்டு தானாகவே வரும். கூண்டும் வேண்டா, தீனியும் வேண்டா.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடமேனும் நின்றோ, அமர்ந்தோ, படுத்தோ கண்டவற்றையும் கேட்டவற்றையும் எண்ணி இ-பேர்டு என்ற இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். சன்னல் வழியே எண்ணினாலும் கணக்கில் சேரும். டயாலிசிஸ் பிரிவின் காலைச் சுற்றைச் சேர்ந்த ஐந்து பேர் இம்முறை எண்ணுவதாக இருக்கின்றனர். பதிவேற்றும் வேலையை நான் ஏற்றிருக்கிறேன். வேறு வார்டிலிருந்து சேர விரும்புவோர், தாங்கள் எண்ணியதைத் தாளில் எழுதி, நேரத்தைக் குறித்து, செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களில் முற்பகலில் வேம்பின்கீழ் என்னிடம் தரலாம். நாரைகளை எண்ணுவோர் இருவராய் எண்ணுதல் நலம். நாற்பத்தொன்றா நாற்பத்து மூன்றா என்ற வழக்கு ஒன்றே போதும்.

மாங்குயில் வந்துவிட்டது. பொன்மஞ்சள் உடல், கண்ணில் மையிட்டது போன்ற கருங்கோடு. சென்ற வாரம் முதல் மூன்று முறை பார்த்தேன்; எட்டு மணிக்கு முன்னர், இரண்டாம் மாடி எலும்பு முறிவு வார்டின் கிழக்குச் சன்னலுக்கு நேர் எதிரே, தூங்குமூஞ்சியின் மேற்கிளையில்.